ஒரு சொம்பு மீன்

தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டால் என்னால் சும்மா தாண்டிப் போக முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, பந்தியில் உட்காருவதற்கு முன்னால் பின்பக்கம் போய், தண்ணீர் டிரம்மை மூடி வைத்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். என் நாத்தனாருக்கு இது நல்ல வேடிக்கை. "இன்னாடி, பொண்ணு மாப்பிள்ளைய பாக்கறதுக்கு மின்னாடி டிரம்ம பாத்துட்டு வந்துட்டியா?" என்பாள். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். ஆனால் அது தொழில் பழக்கம் இல்லை, பயம்.

நான் கொசு ஒழிப்பு வேலை பார்க்கிறவள். நிரந்தரம் இல்லை, தினக்கூலி. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் தெருக்களில் வீடு வீடாகப் போக வேண்டும். சிமெண்ட் தொட்டி, டிரம், மாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி என்று தண்ணீர் நிற்கக்கூடிய எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புழு நெளிந்தால் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க முடியாததில் மருந்து ஊற்ற வேண்டும். கிணறுகளுக்கு மட்டும் மீன். கம்பூசியா என்று அதற்குப் பெயர். நாங்கள் கொசு மீன் என்போம். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமில்லாத மீன். ஆனால் புழுவைக் கண்டால் விடாது. முட்டை போடாது, குட்டியாகவே போடும். அதனால் சினை மீன் ஒன்று இருந்தால் போதும், சில மாதத்தில் கிணறு நிறைந்துவிடும். அதைத்தான் அதன் பெருமையாக எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் மூன்று வருடம் எனக்கும் பயமெல்லாம் இல்லை. டார்ச் அடித்தோமா, கையெழுத்துப் போட்டோமா, வெயில் ஏறுவதற்குள் அடுத்த தெருவுக்குப் போனோமா என்றுதான் இருந்தேன். மகளுக்கு டெங்கு வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. நர்சம்மா சீட்டை எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் நான் அந்தச் சீட்டைப் பார்க்கமாட்டேன், அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். பிள்ளை பிழைத்து வீடு வந்தாள். அந்த வாரமே எங்கள் தெருவைப் பரிசோதிக்க என்கூட வேலை பார்க்கும் பெண் வந்தாள். எங்கள் வீட்டு பிரிட்ஜை நகர்த்தி, பின்னால் தண்ணீர் வடியும் தட்டை வெளியே இழுத்தாள். அதில் புழு நெளிந்தது.

ஊரார் வீட்டு பிரிட்ஜையெல்லாம் நகர்த்திப் பார்த்துச் சத்தம் போட்டவள் நான். என் வீட்டு பிரிட்ஜை நகர்த்திப் பார்க்கவில்லை. அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. "கழுவி வுட்டுடுக்கா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த கார்த்திகையில் கல்வராயன் மலையில் சில ஊர்களில் காய்ச்சல் என்று எங்களில் ஆறு பேரை மேலே அனுப்பினார்கள். எங்கள் மேற்பார்வையாளர் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "மீன வெளிய தண்ணி போவாத கெணத்துல, தொட்டியில மட்டும் வுடுங்கம்மா. ஓடையில, சுனையில வுட்டுடாதீங்க. எறங்கிடுச்சின்னா அப்பறம் நம்ம கையில இல்ல." இதை அவர் தெளிவாகச் சொன்னார், நானும் தெளிவாகக் கேட்டேன். பின்னால் எத்தனையோ நாள், அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். அதனால்தான் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மீன் பக்கெட்டை ஈரத்துணி போட்டு மூடி, கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு தண்ணீர் தளும்பாமல் மடியில் அணைத்துக்கொண்டு போவேன். எனக்குக் கொடுத்தது முப்பது வீடுகூட இல்லாத ஒரு சிற்றூர். சுற்றிலும் மரவள்ளி, மேட்டில் சாமை. ஊருக்கு மேல் பாறை இடுக்கில் ஒரு சுனை. ஒரு மாட்டு வண்டி நிற்கிற அளவுதான் இருக்கும். மிஞ்சும் தண்ணீர் ஒரு கல்லைத் தாண்டி, விரல் கனத்தில் கீழே பள்ளத்துக்கு வழியும். குடிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

சுனைக்குப் பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாமைக் கஞ்சி கொடுத்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டுக்காரர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தார்; மரவள்ளிக் காட்டை இவர் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி குடித்துவிட்டு அவரோடு சுனைக்குப் போனேன். அவர் குடத்தைத் தண்ணீரில் வைக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா பாக்கறீங்க?"

"தவளக்குஞ்சு ஓடுதான்னு. அது ஓடிச்சின்னா தண்ணி உசுரோட கீதுன்னு அர்த்தம். அதுக்கு ஒத்துக்காதது நமக்கும் ஒத்துக்காது."

பாறை ஓரத்தில் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு பாசியைக் கடித்துக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஊர்ல தவளக்குஞ்சு இருந்தா தண்ணிய கீழ ஊத்திடுவோங்க" என்றேன்.

"அப்ப இன்னாத்த பாத்துதான் குடிக்கறீங்க?"

"கேன் மூடியில சீல் ஒடையாம இருக்குதான்னு பாத்துக்கினு."

அவரும் சிரித்தார்.

கடைசி நாள். கீழ்வரிசையில் ஒரு வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பிவிட்டு, ஊரிலிருந்த ஒவ்வொரு பானையையும் மறுபடி பார்த்தேன். எதிலும் ஒன்றும் இல்லை. சுனைக்கு ஏறினேன். பாறைக்கும் உதிர்ந்த இலைக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் அசையாமல் நின்றிருந்த இடத்தில் டார்ச் அடித்தேன். நாலைந்து புழு நெளிந்தது.

டெங்கு கொசு வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தண்ணீரில்தான் முட்டை போடும், சுனையில் நெளிவது வேறு ஏதோ கொசுவின் புழு என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் முதல் பாடமே அதுதான். ஆனால் பயம் வந்துவிட்டால் படித்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியவில்லை. என் கண்ணுக்குச் சுனை தெரியவில்லை, என் வீட்டு பிரிட்ஜ் தட்டுதான் தெரிந்தது. பக்கெட்டின் அடியில் மீன் மிச்சம் இருந்தது. ஒரு சொம்பு முகந்து சுனையில் விட்டேன். யாரையும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. மீன்கள் ஒரு நொடி ஒன்றாக நின்றன, பிறகு பாறை நிழலுக்குள் போய்விட்டன. பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

குழந்தைக்கு வந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல்தான், மூன்று நாளில் சரியாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

பொங்கல் கழிந்து மறுபடி மேலே அனுப்பினார்கள். ஊருக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. பெண்கள் குடத்தோடு சுனைக்கு ஏறவில்லை. எதிர்ப்பக்கம், மரவள்ளிக் காட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே இன்னொரு ஊற்று உண்டு. இறங்கி ஏற அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். நானும் கூடவே இறங்கினேன். ஊற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, காலிக்குடத்தை முன்னால் வைத்துக்கொண்டு அந்த அக்கா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா, முக்கலியா?"

"நான் முக்கக் கூடாதாம். யாராச்சும் ஊத்தினா எடுத்துக்கினு போவணும்."

விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சுனையில் தவளக்குஞ்சு ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் செத்துவிட்டது என்று ஊரே அதை விட்டுவிட்டது. அந்த வருடம் ஊரில் முதல் ஆளாக மரவள்ளிக்குக் களைக்கொல்லி அடித்தவர் அவர்தான். அந்த மருந்து டேங்க்கைச் சுனையில் கழுவினார் என்று பேச்சு வந்துவிட்டது.

"நான் கழுவலம்மா. காட்டுக்கு குடத்துல தண்ணி எடுத்துக்கினு போயிதான் கழுவனேன். சின்ன சின்னதா மீனு வேற வந்திருக்குது சுனையில. கெட்ட தண்ணியிலதான் அது வரும்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெழம கூட்டம் போடறாங்க. சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க, பண்ணிடுவேன். நம்பணுமே."

அது நான் விட்ட மீன்; தவளைக்குஞ்சைத் தின்று தீர்த்ததும் அதுதான். எங்கள் ஊரில் என் அம்மா இப்படித்தான் நின்றிருக்கிறாள். எங்கள் தெருக்காரர்கள் கிணற்றைத் தொடக்கூடாது. யாராவது மனசு வைத்து ஊற்றும்வரை வெயிலில் காலிக்குடத்தோடு நிற்க வேண்டும். சின்ன வயதில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். அதே இடத்தில் இன்னொருத்தியை நானே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறேன். நான் செய்ததெல்லாம், அவர் குடத்தை வாங்கி ஊற்றில் முக்கி நிரப்பிக் கொடுத்ததுதான். அவர் "நல்லா இரும்மா" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

திரும்பும்போது சுனைக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. தலைப்பிரட்டை இல்லை, தும்பிப் புழு இல்லை, மேலே ஓடும் நீர்ப்பூச்சி இல்லை. என் மீன்கள் மட்டும் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. அவற்றின் பக்கத்திலேயே பொடிக் குட்டிகள். என் வேலையின் கணக்கில் பார்த்தால் அது அருமையான தண்ணீர். ஒரு புழுகூட இல்லை. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மகள் அறிவியல் நோட்டில் உணவுச் சங்கிலி வரைந்துகொண்டிருந்தாள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. தவளைக்குப் பச்சைக் கலர் அடித்துக்கொண்டே கேள்வியைச் சத்தமாகப் படித்தாள். "உணவுச் சங்கிலியில் தவளைகள் இல்லாமல் போனால் என்ன நிகழும்?" பதிலையும் அவளே சொன்னாள். "பாம்பு பட்டினி கெடக்கும். பூச்சி ஜாஸ்தியாவும். கரெக்டாம்மா?"

"கரெக்டு."

"ரெண்டு வரி போதும்ல?"

போதும் என்றேன். அந்தப் படத்தில் குடம் இல்லை, ஊற்றுக்கு நடக்கும் பெண்கள் இல்லை, தவளையை நடுவிலிருந்து எடுத்தவளும் இல்லை. பிள்ளைகளுக்கு அம்புக்குறி போட்டு வரையச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அம்புக்குறி நம் வீட்டு வாசலுக்கும் வரும் என்று சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாடப் புத்தகத்தின் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? கோபம் என்மேல்தான்.

என் வீட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுகிறவர். வருடத்தில் பாதி நாள்தான் வேலை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ சொன்னா உன் வேல போவும். சொல்லலன்னா அவங்களே ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க" என்றார்.

"குடத்த வெச்சிக்கினு ஒக்காந்திருக்கறவ மறக்க மாட்டா. எங்கம்மா மறக்கல."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம், கூட்டம் தள்ளிப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். தள்ளிப்போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. அக்கா ஓரமாக நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு பெரியவர், "இன்னாம்மா, ஞாயித்துக்கெழமகூட மருந்தா?" என்றார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன்.

"சுனையில இவங்க ஒண்ணும் கழுவல. அந்த மீன வுட்டது நான்தான். அது தவளக்குஞ்ச, முட்டைய எல்லாம் தின்னுடும். கொசுப் புழு இருந்திச்சின்னு பயந்துபோயி வுட்டுட்டேன். என்ன வுடச் சொல்லி யாரும் சொல்லல. வுடக் கூடாதுன்னுதான் சொல்லி அனுப்பனாங்க."

அந்தப் பெரியவர்தான் கேட்டார்.

"எத்தினி மீனு?"

"எண்ணலிங்க. ஒரு சொம்பு."

"எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கலிங்க."

"நல்லதுக்குன்னுதான் செஞ்சிருப்ப. அது சரி. குடிக்கறது நாங்கதானே, எங்கள கேக்கணுமா வேணாமா?"

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் பேசியது கோபமாக.

"அன்னிக்கி என் குடத்துல தண்ணி முக்கிக் குடுத்தியே. அப்ப எல்லாம் தெரிஞ்சிக்கினுதானே குடுத்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. ஊரைப் பார்த்து, "ஒக்காந்துகினு இருந்தா மீனு தானா போயிடுமா? பழய சேல இருந்தா எடுத்துக்கினு வாங்க" என்றார்.

தண்ணீர் வழியும் கல்லோரத்தை முதலில் களிமண் வைத்து அடைத்தோம். பிறகு பக்கெட், குண்டான், குடம் என்று கிடைத்ததில் எல்லாம் தண்ணீரை இறைத்து, விரித்துப் பிடித்த சேலையில் ஊற்றி வடிகட்டினோம். சினை மீனுக்கு வயிற்றோரம் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். அதைக் காட்டிக் கொடுத்தேன். பிடித்த மீனையெல்லாம் கோழிக்குப் போட்டார்கள். துள்ளிக்கொண்டு கிடந்த அவற்றைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. அவை கேட்டுக்கொண்டா மலைக்கு வந்தன? பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான். மூன்று முறை இறைத்தோம், மூன்று முறையும் சுனை ஊறியது. மூன்றாவது முறை சேலையில் மீன் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாறைப் பிளவுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தேன். எத்தனை விட்டேன் என்று தெரிந்தால்தானே எல்லாம் வந்துவிட்டதா என்று தெரியும். அது குட்டி போட்டிருக்கிறது வேறு. அதைவிடப் பெரிய பயம், அடைப்பதற்கு முன்னால் அந்தக் கல்லைத் தாண்டி வழிந்த தண்ணீர். அது பள்ளத்தில் இறங்கி ஓடையில் சேரும், ஓடை கோமுகி அணைக்குப் போகும். அதன் பின்னால் எந்தச் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

மறுநாள் மேற்பார்வையாளரிடமும் சொன்னேன். அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். வேலை போகவில்லை. மலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். டவுனில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாலு தெரு கொடுத்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அக்கா போன் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் பேசியது அன்றுதான். "தவளக்குஞ்சு வந்திருக்குது. வந்து பாத்துட்டுப் போ" என்றார். குரலில் கோபமும் இல்லை, பழைய நெருக்கமும் இல்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

பாறையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். இருந்தன. மிளகு அளவில் கறுப்புக் கறுப்பாக, பாசியோரம் வாலை ஆட்டிக்கொண்டு. என்னை மீறி அழுகை வந்துவிட்டது. சுனையை ஒதுக்கிவிட்டுப் பள்ளத்துக்கு இறங்கியதெல்லாம் முடிந்துவிட்டது. எல்லோரும் இங்கேயேதான் தண்ணீர் எடுப்பதாகவும், தானும் தன் கையாலேயே முக்குவதாகவும் அக்கா சொன்னார். பிறகு குடத்தோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் தடவை போலவே அவர் தலைப்பிரட்டைகளைப் பார்த்தார். பார்த்து முடித்ததும் முக்குவார் என்று நினைத்தேன். முக்கவில்லை. இன்னும் குனிந்து, பாறை நிழலுக்குள்ளே, இலைக்கு அடியில், பிளவின் வாயில் என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். குடம் காத்திருந்தது.

"இன்னாக்கா, அதான் இருக்குதே" என்றேன்.

"அது இருக்குது. உன் மீனு இருக்குதான்னு பாக்கறேன். இப்பல்லாம் ரெண்டையும் பாத்துட்டுதான் முக்கறோம்."

அவருக்குப் பின்னால் வந்து நின்ற இரண்டு பெண்களும் அதையேதான் பார்த்தார்கள். மூன்று பேரும் புருவத்தைச் சுருக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. என் வீட்டில் நான் தினமும் பிரிட்ஜை நகர்த்திப் பார்ப்பது அப்படித்தான்.